பள்ளிக்கூடமும் கம்பெனி ஒப்பந்தமும்

பள்ளிக் கல்வியில் அரசாங்கமும் கம்பெனியும் கூட்டுச் சேர்வது மலேசியத் தமிழருக்குப் புதிய செய்தியன்று. ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி பரவியதே அத்தகைய கூட்டு ஒன்றினால்தான். 1912-ஆம் ஆண்டிலும் பின்னர் 1923-ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று நடைபெற வேண்டும் என்னும் கடமையைத் தோட்ட முதலாளியின் தலையில் வைத்தன. சட்டம் சொன்னதைத் தோட்டக் கம்பெனிகள் செய்தன, சொல்லாததைச் செய்யவில்லை. பள்ளி இருக்க வேண்டும் என்றிருந்தது. ஒரு கொட்டகை எழுந்தது. கற்பிக்க ஓர் ஆள் வேண்டும் என்றிருந்தது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ தம் வேலை ஓய்ந்த நேரத்தில் பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பிள்ளைகள் படித்து முடித்தபின் என்னவாக வேண்டும் என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அதற்கு எவரும் பொறுப்பாளர் ஆகவில்லை. நல்ல மனம் படைத்த துரைமார் சிலரும், அரை வயிற்றுச் சம்பளத்தில் அரிய தொண்டு புரிந்த ஆசிரியர் பலரும் இருந்தனர் என்பது மெய்யே. ஆயின் அவர்கள் செய்த நன்மை அவர்களுடைய உள்ளத்திலிருந்து வந்தது, சட்டத்திலிருந்து வந்ததன்று.

இப்பழங்கதையை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பள்ளிகளுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுவருவதற்காகக் கடந்த கால் நூற்றாண்டில் அரசாங்கம் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஏற்பாடுகளைப் படிக்குங்கால், தோட்டச் சட்டத்தில் இருந்த அதே குறை மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். எண்ணிக் காட்டக் கூடியவை அனைத்தும் தாளில் ஏறிவிடுகின்றன: இத்தனை பள்ளி, இத்தனை கம்பி, இத்தனை பெட்டி. எண்ணிக் காட்ட இயலாத கல்வியோ தாளுக்கு வெளியே நிற்கிறது.

முதற்கண் 'பெஸ்தாரி' பள்ளித் திட்டம். பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் கிளைகளுள் ஒன்றாக 1997-இல் இது அறிவிக்கப்பட்டது. 1999 முதல் 2002 வரை 87 பள்ளிகளில் சோதனை நடைபெற்றது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இடைநிலைப் பள்ளிகள். தெலிகோம் கம்பெனியின் தலைமையில் அமைந்த கூட்டு நிறுவனம் ஒன்று கருவிகளையும் மென்பொருளையும் பாடப்பொருளையும் வழங்கும் பொறுப்பை ஏற்றது. 2010-ஆம் ஆண்டிற்குள் நாட்டின் பள்ளிகள் யாவும் 'பெஸ்தாரி' பள்ளிகளாகிவிடும் என்பது அன்றைய பேச்சு. கணினிவழிப் பாடம் தயாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்டவை நான்கு பாடங்கள்: மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம். தமிழ் அப்பட்டியலில் இல்லை. அதற்காக எவரும் தமிழை வெறுத்தனர் என்று பொருளன்று. கம்பெனி பாடம் தயாரிப்பது பெருந்தொகையினர்க்கு. சிறு தொகையினர்க்குத் தயாரித்தால் செலவு ஒன்றே, பயனாளர் குறைவு. வணிகக் கணக்கில் அது நியாயம். கல்விக் கணக்கில் அது நியாயமாகுமா என்று கேட்க வேண்டியவர் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் கையொப்பமிட்டவர். அவர் கேட்டிருந்தால் பட்டியலில் ஐந்தாவது வரி ஒன்று இருந்திருக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியரிற் பெரும்பாலோர் மடிக்கணினியையும் ஒளிபடக் கருவியையும் வகுப்பறையில் முதன்முதலாகக் கையாண்டது 2003-இல். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற ஆணை வந்த ஆண்டு அது. கருவி வந்தது, அதனோடு ஆங்கிலத்தில் அமைந்த பாடத் தட்டுகளும் வந்தன. அதுவரை தமிழில் கற்பிக்கப்பட்ட இரு பாடங்களிலிருந்து தமிழ் வெளியேறியது. புதுமைக்கு வாயில் திறந்தபோது தாய்மொழியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்ற நிலை, இளம் ஆசிரியர் ஒரு தலைமுறையின் மனத்தில் என்ன எண்ணத்தை விதைத்திருக்கும்? கணினி ஆங்கிலத்துக்கு உரியது, கரும்பலகை தமிழுக்கு உரியது என்னும் எண்ணத்தைத்தான். அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கொள்கை போன பின்னும் எண்ணம் எளிதிற் போவதில்லை. தமிழ்மொழிப் பாடத்திற்குக் கணினி அறையை ஒதுக்கத் தயங்கும் பள்ளி எங்கேனும் இருப்பின், அத்தயக்கத்தின் வேர் இங்கே இருக்கலாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது 2011-ஆம் ஆண்டு இறுதியில் உருவான '1பெஸ்தாரிநெட்' ஏற்பாடு. ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பள்ளிகள்; 15 ஆண்டுகள்; மூன்று கட்டங்கள்; மொத்த மதிப்பு 407 கோடியே 70 லட்சம் வெள்ளி. பொறுப்பேற்றது ஒய்.டி.எல். தகவல் தொடர்பு நிறுவனம். முதற்கட்டத்தின் மதிப்பு மட்டும் 66 கோடியே 30 லட்சம் வெள்ளி. வகுத்துப் பார்ப்பின் முதற்கட்டத்தில் பள்ளி ஒன்றிற்கு 66,300 வெள்ளி ஆகிறது. தமிழ்ப்பள்ளிகள் 500-க்கும் மேற்பட்டவை உள்ளன; அவற்றின் பங்கை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அத்தொகைக்கு விலைக்கு வாங்கப்பட்டவை இரண்டு. ஒன்று கம்பியில்லா இணைய இணைப்பு. மற்றொன்று 'ஃபிராக்' என்னும் பெயருடைய, இங்கிலாந்தில் உருவான இணையவழிக் கற்றல் தளம். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டப்பட்டன. இங்கேதான் முதற் பிழை நேர்ந்தது எனலாம். இணைப்பு என்பது சாலையைப் போன்றது; போட்டால் போட்டதுதான், அதன்மீது எந்த வண்டியும் செல்லலாம். கற்றல் தளம் என்பது வகுப்பறையைப் போன்றது. ஆசிரியர் அதற்குள் வந்து அமர்ந்து, தம் பாடத்தைத் தம் கையால் அடுக்கினால் ஒழிய அது வெறும் அறை. சாலை போடுவோரிடமே வகுப்பறையையும் ஒப்படைத்தபோது, இரண்டின் வெற்றியும் சாலையின் அளவுகோலால் அளக்கப்பட்டன.

விளைவு கணக்காய்வில் வெளிப்பட்டது. தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை, கற்றல் தளத்தை மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் பயன்படுத்திய விகிதம் நூற்றுக்கு 0.01 முதல் 4.69 வரையே இருந்தது எனக் காட்டியது. இணைய வேகத்தைப் பற்றிய குறைகளும் அதில் இடம்பெற்றன. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் பின்னர் இதனை ஆராய்ந்தது. நூறு பேருக்குக் கட்டிய மண்டபத்தில் நிறைந்த நாளிலும் ஐவர் கூட வந்து அமரவில்லை!

இக்குறைக்கு ஆசிரியரைக் குற்றவாளியாக்குவோர் உண்டு. அவர்கள் சோம்பேறிகள், புதுமைக்கு அஞ்சுவோர், ஓய்வூதியத்தை எண்ணி நாளைக் கழிப்போர் என்பது அவர்களுடைய வாதம். இவ்வாதம் வகுப்பறையை வெளியிலிருந்து பார்ப்போருடையது. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்று அமரச் செய்வதற்கே பாடவேளையில் ஒரு பகுதி கழிந்துவிடும். அங்கே சில கணினிகள் இயங்கா. இயங்குபவற்றின் முன் இருவர் மூவராக அமர வேண்டும். முப்பது கடவுச்சொற்களில் நான்கேனும் மறந்துபோயிருக்கும், கீழ்வகுப்பாயின் பத்து. இணைப்பு மெதுவாக வருமாயின் எஞ்சியிருக்கும் நேரத்தில் என்ன கற்பிக்க முடியும்? தளமோ பாடத்தோடு வரவில்லை. பாடத்தை ஆசிரியர்தாம் தயாரிக்க வேண்டும். தமிழாசிரியருக்கு அது இருமடங்கு வேலை. மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் பிறர் செய்து வைத்தவற்றிலிருந்து ஓரளவு எடுத்தாளலாம். தமிழுக்கு எழுத்துரு முதற்கொண்டு எல்லாவற்றையும் தாமே தேட வேண்டும். இந்நிலையில் சுண்ணக்கட்டியை நாடியவர் சோம்பேறி அல்லர்; பாடவேளையின் அருமை அறிந்தவர்.

மேலிடத்திலிருந்து எத்தனை பேர் தளத்தில் நுழைந்தனர் என்னும் கணக்கு கேட்கப்படும்போது நேர்வதும் எதிர்பார்க்கத் தக்கதே. நுழைவுதான் அளவுகோல் என்றால் நுழைவு கூடும். நுழைந்தவர் என்ன கற்றார் என்பது அந்த எண்ணில் தெரியாது. வருகைப் பதிவேட்டின்படி மானியம் வழங்கப்பட்ட காலத்தில் பதிவேடுகள் எவ்வாறு நிரம்பின என்பதைப் பழைய தோட்டப்பள்ளி ஆசிரியர் நன்கறிவர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நகரத்தை விட்டு விலகிய பள்ளிகளுக்கு, சபா, சரவாக் உட்புறங்களிலும் தீபகற்பத்தின் தோட்டப்புறங்களிலும் உள்ள பள்ளிகளுக்கு, இலாபம் ஒன்றையே நோக்கும் கம்பெனி தானாக இணைப்புக் கொண்டு சென்றிருக்காது. அரசாங்கம் நாடு முழுவதற்கும் ஒரே ஒப்பந்தமாக எழுதியதனால்தான் கம்பமும் கோபுரமும் அங்கெல்லாம் போயின. கல்வியமைச்சே கணினி செய்யவும் முடியாது, கோபுரம் நடவும் முடியாது. கம்பெனி இன்றி இவ்வேலை நடவாது. ஆகவே கூட்டே கூடாது என்று வாதிடுவோர் கூற்றில் பொருளில்லை. கேள்வி வேறு: கூட்டில் யார் எதைப் பெற்றனர் என்பது.

பள்ளி வளாகங்களில் எழுந்த கோபுரங்களைச் சான்றாகக் கொள்ளலாம். அவை பள்ளிக்கும் பயன்பட்டன. அக்கம்பெனியின் பொது வாடிக்கையாளர் சேவையும் அவற்றால் விரிந்தது. பெற்றோர் சிலர் கதிர்வீச்சுக்கு அஞ்சிக் குரலெழுப்பினர். அந்த அச்சம் வேறு செய்தி. தமிழாசிரியர்க்கு நன்கு அறிமுகமான நன்னூல், ஆசிரியராகத் தகாதவருக்குச் சொல்லும் உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. வளைந்த தென்னை நீர் வார்த்தவன் முற்றத்தில் நின்று, அடுத்த வீட்டுக் கொல்லையில் காய் உதிர்க்கும். கம்பெனி தன் வணிகத்தை விரித்ததில் குற்றம் காண இடமில்லை; வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் பள்ளி நிலத்தில் நின்ற மரத்தின் காயில் பள்ளிக்கு உரிய பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தம் எழுதியோர் கணக்கிட்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்தனரா என்பது பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்வி. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிற் பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி பெறுவன. தம் நிலத்தையும் கட்டடத்தையும் பற்றி மேலாளர் வாரியத்தின் வழியே பேச உரிமையுள்ளவை. அவ்வுரிமையை எத்தனை வாரியங்கள் பயன்படுத்தின?

2019-ஆம் ஆண்டு சூன் மாத இறுதியோடு அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 15 ஆண்டு என்று தொடங்கியது எட்டாம் ஆண்டிலேயே நின்றது. சூலை முதல் ஆசிரியர்கள் கூகிளின் வகுப்பறைத் தளத்துக்கு மாறுமாறு பணிக்கப்பட்டனர். செய்தித்தாள்களில் அது இரண்டு பத்தியில் முடிந்த செய்தி. ஆனால் அந்த எட்டு ஆண்டில் மெய்யாகவே உழைத்து, இரவு விழித்து, படம் சேர்த்து, வினா அமைத்துப் பாடங்களை அத்தளத்தில் ஏற்றிய ஆசிரியர் சிறு தொகையினரே எனினும் இருந்தனர் அன்றோ? தளத்தை வெறுத்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை, நம்பியவருக்கே நட்டம். ஒரு தளத்தின் அச்சில் வார்த்த பாடம் மற்றொரு தளத்தில் அப்படியே அமர்வதில்லை. மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போது அதே ஆர்வத்தோடு எத்தனை பேர் முன்வருவர்? ஒப்பந்தத்தின் மதிப்பைக் கணக்கிடுவோர் இவ்விழப்பை எந்தத் தலைப்பின் கீழும் எழுதுவதில்லை.

அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. பள்ளிகள் மூடின. 2020 சூன் மாதத்தில் கூகிள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று கம்பெனிகளின் துணையோடு 'டெலிமா' என்னும் பொதுத்தளத்தைக் கல்வியமைச்சு திறந்தது. தளம் ஆயத்தமாயிருந்தது, பிள்ளைகளின் கையில் கருவி இல்லை. அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், மாணவருள் நூற்றுக்கு 36.9 பேரிடம் எவ்வகைக் கருவியுமில்லை எனத் தெரிந்தது. 1997 முதல் 'பெஸ்தாரி' என்று பேசி வந்த நாட்டில், மூன்றில் ஒரு பிள்ளைக்கு மேல் வெறுங்கையோடு வீட்டில் அமர்ந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாகத் திட்டங்கள் யாவும் பள்ளிக் கட்டடத்தை நோக்கியே தீட்டப்பட்டன. பிள்ளை வீட்டில் எப்படிப் படிக்கும் என்பது எவருடைய ஒப்பந்தத்திலும் முதன்மை பெறவில்லை.

அதன் பின்னரே அரசு சார்ந்த கம்பெனிகள் 15 கோடி வெள்ளி நன்கொடை அளிக்க, 500 பள்ளிகளின் ஏழை மாணவர்க்கு 1,50,000 கருவிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம், 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, ஹசானா அறநிறுவனத்தின் பொறுப்பில் நடைபெற்றது. தலைக்கு ஆயிரம் வெள்ளி. இது கடையிற் கொள்ளும் விலையன்று, கொடை. கொடையைக் குறை கூறுவது பண்பன்று. பசித்தவனுக்கு அந்நேரச் சோறு பெரிது. எனினும் கொடைக்கும் கடமைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை மறத்தல் ஆகாது. ஒப்பந்தம் தவறினால் கணக்காய்வாளர் கேட்பார். கொடை தாமதமானாலும், பழுதானாலும், அடுத்த ஆண்டு நின்றுபோனாலும் கேட்பதற்கு யாருக்கும் வாயில்லை.

இவ்வளவு பெருந்தொகைகளுக்கு நடுவே, தமிழ்க் கணினியின் வரலாறு வேறொரு பாதையில் நடந்திருக்கிறது என்பதைத் தமிழாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும். மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்னும் தமிழ் எழுதுமென்பொருளைத் தொடங்கியது 1985-இல். பெஸ்தாரிப் பேச்சு எழுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. இன்று தமிழ்ப் பிள்ளை ஒருவன் கைப்பேசியில் தன் பெயரைத் தமிழில் எழுதுகிறான் என்றால், அதற்கு அடித்தளம் இட்டவர் சிறு தொகையினரான ஆர்வலரும் அறிஞரும் சிறு தொழில் நடத்துவோருமே. அவர்களுள் தனியார் இருந்தனர், வணிகமும் இருந்தது. ஆயின் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி 'தமிழ் எப்படி உள்ளே வரும்?' என்பது. கோடிக்கணக்கில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் அக்கேள்வியைக் கேட்டிருக்குமாயின், தமிழ்ப்பள்ளிகளுக்குச் சேர வேண்டிய பங்கில் ஒரு சிறு பகுதியே தரமான தமிழ்ப் பாடக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கப் போதுமானதாக இருந்திருக்கும்.

சிங்கப்பூர் இதனை வேறுவிதமாக நடத்தியது. அங்கும் 1997-இலேயே பெருந்திட்டம் தொடங்கிற்று. 200 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கப்பட்டது. கருவியையும் வலையமைப்பையும் கம்பெனிகளிடம் வாங்கினாலும், கற்றல் தளத்தைக் கல்வியமைச்சு தன் கையில் வைத்துக்கொண்டது. 2018-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் திறந்த மாணவர் கற்றல் தளம் அமைச்சின் பெயரிலேயே இயங்குகிறது. தாய்மொழிப் பாடங்களுக்கும் அதில் இடமுண்டு. ஒரு கம்பெனி போய் மற்றொன்று வந்தாலும் ஆசிரியரின் பாடம் இடம்பெயர வேண்டியதில்லை. இது பாராட்டத்தக்க முறை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அங்கேயும் ஓர் ஓட்டை இருந்தது. 2021-ஆம் ஆண்டிற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர்க்கும் சொந்தக் கருவி கிடைத்தது. அக்கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களுள் ஒன்று 'மொபைல் கார்டியன்' என்னும் வெளிநாட்டுக் கம்பெனியினுடையது. 2024 ஏப்ரலில் அக்கம்பெனியிடமிருந்து 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், பள்ளிப் பணியாளர் ஆகியோரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அம்மென்பொருளுக்குள் அயலார் புகுந்தபோது, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவரின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அமைச்சு அந்த மென்பொருளை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. வேறிடத்தில் படியெடுத்து வைக்காத மாணவரின் குறிப்புகள் போயின. ஆண்டிறுதித் தேர்வுகளோ நெருங்கிக்கொண்டிருந்தன. தாளில் எழுதியவனுக்கு அன்று ஒரு கவலையும் இருந்திராது என்று முதியோர் நகைப்பர். அது நகைக்க மட்டும் தக்கதன்று. பிள்ளையின் கருவியைக் காக்கும் பொறுப்பு யாரிடம் விடப்படுகிறதோ அவரிடம் அதை அழிக்கும் ஆற்றலும் சேர்ந்தே விடப்படுகிறது என்பதை அந்நாள் காட்டியது.

மலேசியாவில் 2023 நவம்பரில் புதிய மின்னியல் கல்விக் கொள்கை வெளியாயிற்று. கொள்கையை ஒட்டிப் புதிய ஒப்பந்தங்கள் வருவது இயல்பு. அவை கையொப்பமாகு முன்னர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு. இணைப்பும் கற்றல் தளமும் தனித்தனி ஒப்பந்தமாக எழுதப்படுதல் வேண்டும். அப்போதுதான் ஒன்று தவறினால் மற்றொன்றையும் சேர்த்து இழக்க நேராது. ஆசிரியர் ஏற்றும் பாடம் ஆசிரியருக்கும் அமைச்சுக்கும் உரியது. தளம் மாறும் நாளில் முழுமையாக எடுத்துத் தரப்படும் என்னும் வாசகம் வேண்டும். பிள்ளையைப் பற்றிய குறிப்புகள் எங்கே, எவ்வளவு காலம், யார் கையில் இருக்கும் என்பது பெற்றோர்க்கு அவர்கள் படிக்கும் மொழியில் தெரிவிக்கப்பட வேண்டும். ஆசிரியர்க்குப் பயிற்சி என்பது ஒருநாள் மண்டபக் கூட்டமாக முடியாமல், பாடவேளைக் குறைப்போடு கூடியதாக இருத்தல் வேண்டும். பாடம் தயாரிக்க நேரம் தராமல் பாடம் கேட்பது நியாயமன்று. தமிழ் என்னும் சொல், பாடப்பொருள் பற்றிய பிரிவில், எண்ணிக்கையோடும் கெடுவோடும் இடம்பெற வேண்டும். இணைப்புகளில் இடம்பெற்றால் போதும் என்று இணங்கிவிட்டால், பணம் குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இணைப்புத்தான்.